ஆஸ்திரேலிய நடுநாட்டில் பன்னிரண்டு நாள்

ஆஸ்திரேலியா என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவன இரண்டே. ஒன்று கிரிக்கெட், மற்றொன்று கங்காரு. அந்நாட்டிற்குச் சென்று திரும்பும் நண்பர்கள் காட்டும் படங்களிலும் சிட்னித் துறைமுகத்துப் பாலமும் மெல்போர்ன் கடைவீதிகளுமே காணப்படுகின்றன. அவையெல்லாம் அந்நாட்டின் கடலோர விளிம்பு மட்டுமே. நடுநாடு எத்தகையது, அங்கு மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர், அவ்வழியை உண்டாக்கியவர் யாவர் என்பவற்றை அறிந்தோர் நம்மிடையே சிலரே. சென்ற ஜூலைத் திங்களில் அப்பகுதியைக் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. கண்டவற்றுள் நம் சங்கத்துக் குடும்பத்தினர்க்குப் பயன்படக் கூடியவற்றை இங்கே எழுத முற்படுகின்றோம்.

ரயில்வேயில் எழுத்தராக உத்தியோகம் பார்க்கும் எங்களைப் போன்றோர்க்கு அயல்நாட்டுப் பயணம் எளிதன்று. எங்கள் மைத்துனர் பதினான்கு ஆண்டுகளாக அடிலெய்டு நகரில் குடும்பத்துடன் வாழ்ந்து வருகின்றார். “ஒருமுறையேனும் தங்கையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து போங்கள், மாப்பிள்ளை” என்று அவர் ஆண்டுதோறும் எழுதுவார். இரண்டாண்டு சேமிப்பும், துறையின் அனுமதியும், அவரது அன்பும் ஒன்றுசேர்ந்ததால் பயணம் கைகூடியது. இரு குடும்பத்தினருமாக ஆறு பேர் புறப்பட்டோம்.

தொலைவும் வெறுமையும்

ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 77 லட்சம் சதுரக் கிலோமீட்டர். அஃதாவது இந்தியாவைப் போல் இரண்டு மடங்கிற்கும் மேல். மக்களோ 2 கோடியே 70 லட்சம் அளவினர். தமிழ்நாட்டு மக்களில் பாதிக்கும் குறைவு. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கடலோர நகரங்களிலேயே வாழ்கின்றனர். ஆகவே நடுநாடு எவ்வளவு வெறுமையாக இருக்கும் என்பதை ஒருவாறு ஊகிக்கலாம்.

எங்களுக்குப் பழக்கமான கணக்கில் சொல்வதானால், அடிலெய்டிலிருந்து நடுநாட்டின் தலைமை ஊராகிய ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை சாலைவழித் தொலைவு ஏறக்குறைய 1,530 கிலோமீட்டர். கரக்பூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு உள்ள ரயில் தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே. நம் வழியில் கட்டக், புவனேசுவரம், பெர்ஹாம்பூர், விசாகப்பட்டினம், ராஜமகேந்திரம், விஜயவாடா, நெல்லூர் என ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்னும் பேராறுகளைக் கடப்போம். அங்கோ, ஸ்பென்சர் வளைகுடாவின் தலையிலுள்ள போர்ட் அகஸ்டாவை விட்டு நீங்கினால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரையுள்ள 1,200 கிலோமீட்டரில் ஊர் என்று சொல்லத்தக்கது கூபர் பெடி ஒன்றே. ஏனையவை ஒரு பெட்ரோல் நிலையமும், ஓர் உணவு விடுதியும், சில அறைகளும் கொண்ட தங்கல்கள்.

இந்த நெடுஞ்சாலைக்கு ஸ்டூவர்ட் சாலை என்று பெயர். ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் என்பவர் தெற்கிலிருந்து புறப்பட்டு, பலமுறை முயன்று, 1862 ஜூலையில் வடகடலை அடைந்தார். அவர் நினைவாகவே இப்பெயர். ஆயினும், முழுச் சாலையும் தார் போடப்பெற்றது 1987-ஆம் ஆண்டிலேதான்.

சக்கரத்தின் மேல் இல்லம்

வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டிற்கு அந்நாட்டார் கேரவன் என்று பெயர் வைத்திருக்கின்றனர். எங்கள் மைத்துனரின் கேரவனில் படுக்கைகளும், எரிவாயு அடுப்பும், சிறு குளிர்பெட்டியும், கைகழுவும் தொட்டியும், நீர்த்தொட்டியும் இருந்தன. பெண்டிர் இருவரும் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் வகைகளை அடிலெய்டிலேயே ஆயத்தம் செய்துகொண்டனர். பன்னிரண்டு நாளும் சாதம் வடிக்கத் தவறவில்லை. பாலைவனத்தின் நடுவே ரசம் கொதிக்கும் மணத்தை நுகர்ந்தபோது, தமிழர் சென்றவிடமெல்லாம் முதலில் குடியேறுவது அடுப்புத்தான் என்று எங்கள் மைத்துனர் நகைத்தார்.

கேரவன் என்னும் சொல்லின் பிறப்பை இங்கே குறிப்பிடல் தகும். அது கார்வான் என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. வணிகர் தம் ஒட்டகங்களுடன் கூட்டமாகச் செல்லுதலைக் குறிப்பது. இன்று இல்லங்களை இழுத்துக்கொண்டு மக்கள் இன்பமாகச் செல்லும் இந்நாட்டில், ஒரு காலத்தில் உண்மையான ஒட்டகக் கார்வான்கள் சென்றன. அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம்.

பயண விதிகள் சில உண்டு. கதிரவன் மறைந்தபின் வண்டி ஓட்டலாகாது. அந்திவேளையில் கங்காருக்கள் சாலையின் குறுக்கே பாய்ந்து வரும். குடிநீர் தேவைக்கு மேல் இருத்தல் வேண்டும். பெட்ரோல் நிலையம் கண்டால் தொட்டி பாதி நிறைந்திருப்பினும் நிரப்பிக்கொள்ளல் வேண்டும். வண்டி பழுதுற்றால் அதனை விட்டு நீங்கி நடக்கவே கூடாது. இவற்றை எங்கள் மைத்துனர் முதல் நாளே குழந்தைகளுக்கும் மனப்பாடம் செய்வித்தார்.

இரண்டாம் நாள் உப்பு ஏரிகளைக் கடந்து கிளெண்டாம்போ என்னும் தங்கலை அடைந்தோம். அதன் பெயர்ப்பலகை நகைச்சுவை மிக்கது. ஆடுகள் 22,500, ஈக்கள் ஏறத்தாழ 20 லட்சம், மனிதர் 30 என்று எழுதியிருந்தது. அடுத்த பெட்ரோல் நிலையத்திற்கு 250 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும்.

இச்சாலையின் அரசர் ‘ரோட் டிரெயின்’ எனப்படும் சாலை ரயில்களே. ஒரே லாரியின் பின்னால் மூன்று இழுவைப் பெட்டிகள் பூட்டப்பெற்று 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். நம் ரயிலின் இரண்டு பெட்டிகளைச் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடாகா. அது எதிரே வந்து கடக்கும்போது காற்றின் வேகத்தில் எங்கள் கேரவன் ஒருமுறை குலுங்கும். தண்டவாளமின்றி ஓடும் அந்த ரயிலைக் கண்டு எங்கள் மகள் ஒவ்வொரு முறையும் பெட்டிகளை எண்ணினாள்.

வழியில் நின்ற மூன்று வண்டிகள்

மூன்றாம் நாள் முற்பகலில் கேரவனின் இடப்புறச் சக்கரம் பெரும் ஓசையுடன் வெடித்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கினோம். நாற்புறமும் செம்மண், முழங்காலளவு சாம்பல் நிறப் புதர்கள், மரமொன்றும் இல்லை. கைப்பேசியில் தொடர்பு இல்லை. மாற்றுச் சக்கரம் எங்களிடம் இருந்தது. ஆயினும் சாலையோரத்து மண் இளகியிருந்தமையால் வண்டியைத் தூக்கும் ஜாக்கி புதைந்து போயிற்று. எங்கள் இல்லாள் வாய்விட்டு ஒன்றும் கூறவில்லை. நீர்ப்பாத்திரங்களை எண்ணிப் பார்த்தாள்.

கால்மணி நேரத்திற்குள் ஒரு வண்டி வந்தது, நிறுத்தியது. வேலிக் கம்பி ஏற்றிச் சென்ற இளைஞர் ஒருவர் இறங்கி, கனத்த பலகைத் துண்டொன்றை ஜாக்கிக்கு அடியில் வைக்கத் தந்தார். பின்னர் ஒரு சாலை ரயில் வந்தது. அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்துதல் எளிதன்று. ஆதலால் அதன் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, வானொலிக் கருவியின் மூலம் எங்கள் நலம் வினவினார். பின்னால் வரும் வண்டிகளுக்கும் எச்சரிக்கை செய்தார். மூன்றாவதாகத் தம் கேரவனுடன் முதிய தம்பதியர் வந்தனர். பணி ஓய்வு பெற்றபின் ஆண்டின் பெரும்பகுதியைச் சாலையிலேயே கழிக்கும் இத்தகையோரை அந்நாட்டார் நரைத்தலை நாடோடிகள் என்று செல்லமாக அழைக்கின்றனர். அப்பெரியவர் மண்ணில் மண்டியிட்டு எங்களுடன் சேர்ந்து சக்கரத்தை மாற்றினார். அம்மூதாட்டி குழந்தைகளுக்குத் தேநீரும் ரொட்டியும் கொடுத்தார். எங்கள் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடி, யாதொரு குறையும் இல்லையென்று தெரியும் வரையில் எங்கள் பின்னாலேயே வந்தனர்.

நன்றி கூறியபோது அவர் சொன்னது இதுதான்: “எங்களுக்கு வேறொருவர் செய்தார். நீங்கள் வேறொருவருக்குச் செய்யுங்கள்.” அந்நாட்டில் இது உபசார வார்த்தையன்று; உயிர்காக்கும் சட்டம். எதிரே வரும் ஒவ்வோர் ஓட்டுநரும் சுக்கானிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் தெரிவிப்பது வழக்கம். “உன்னைக் கண்டேன், நீ இவ்விடத்தில் இருக்கின்றாய் என்பது எனக்குத் தெரியும்” என்பதே அதன் பொருள் என்று அன்று உணர்ந்தோம்.

இச்சட்டமே பெரிய அளவில் ஒரு நிறுவனமாகவும் வளர்ந்திருக்கின்றது. ஜான் ஃபிளின் என்னும் பாதிரியாரின் முயற்சியால் 1928-ல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் தார்ச்சாலையின் மீதே வெள்ளைக் கோடுகள் இட்டு, விமானம் இறங்கும் தளமாகக் குறித்துள்ளனர். நோயாளிக்காகப் போக்குவரத்தை நிறுத்தி, சாலையிலேயே விமானம் இறங்கும்.

நிலத்தின் அடியில் ஓர் ஊர்

கூபர் பெடியில் 1915-ஆம் ஆண்டு, தங்கம் தேடிவந்த கூட்டத்தாருடன் இருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஓப்பல் என்னும் மணிக்கல்லைக் கண்டெடுத்தான். அன்றுதொட்டு உலகின் பல நாட்டாரும் அங்கே வந்து நிலத்தைக் குடைந்து வருகின்றனர். கோடையில் வெயில் 45 பாகைக்கு மேலும் ஏறுமாதலின், மக்கள் குன்றுகளைக் குடைந்து அதனுள்ளேயே வாழ்கின்றனர். உள்ளே ஆண்டு முழுவதும் 25 பாகைக்கு அண்மையிலேயே வெப்பம் நிற்கின்றது. வீடுகள், விடுதிகள், கிறித்துவக் கோயில்கள் யாவும் நிலத்தடியில் உள்ளன. சுவரில் குடைந்த மாடத்தில் எங்கள் இல்லாள் மாலை விளக்கேற்றினாள். காற்றில்லாமையால் சுடர் அசையாமல் நின்றது.

அவ்வூரில் நீருக்கு விலை உண்டு. நெடுந்தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உவர்நீரைக் கொணர்ந்து, உப்பை நீக்கி வழங்குகின்றனர். காசு செலுத்தி எங்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டோம். பல் துலக்கும்போது குழாயைத் திறந்துவிடும் எங்கள் மகளின் பழக்கம் அவ்வூரில்தான் நின்றது.

வணங்கத்தக்க குன்று

ஆறாம் நாள் எர்ல்டண்டா என்னுமிடத்தில் மேற்கே திரும்பி, 250 கிலோமீட்டர் அளவு சென்று உலுரு என்னும் ஒற்றைப் பாறைக் குன்றை அடைந்தோம். சமதரையின் நடுவே 348 மீட்டர் உயரத்தில் அது செந்நிறமாக எழுந்து நிற்கின்றது. அனங்கு எனப்படும் தொன்மக்களுக்கு அது புனிதத் தலம். 1985 அக்டோபர் 26 அன்று அந்நிலத்தின் உரிமை அவர்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பெற்றது. மேலே ஏறவேண்டாம் என்று அவர்கள் நெடுங்காலம் வேண்டிக்கொண்டனர். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுதல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. நாங்கள் அதனை வலம் வந்தோம். சுற்றுவழி ஏறத்தாழ 10 கிலோமீட்டர். திருவண்ணாமலையில் கிரிவலம் செய்தறிந்த எங்களுக்கு, மலையை மிதிக்காமல் சுற்றி வணங்கும் நெறியைப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆஸ்திரேலிய மண்ணில் வாழ்ந்துவரும் தொன்மக்களே முதலில் வழி கண்டவர்கள். எந்தப் பாறையிடுக்கில் நீர் உண்டு, எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பின்வந்த வெள்ளையர் பயணமும், தந்திக் கம்பியும், இருப்புப்பாதையும் பெரும்பாலும் அந்நீர்நிலைகளின் வரிசையைப் பற்றியே சென்றன.

கம்பியும் ஒட்டகமும்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஏறத்தாழ 25,000 மக்கள் வாழும் ஊர். அதன் நடுவே டாட் ஆறு உள்ளது. நீரன்று, மணலே நிறைந்திருப்பது. அந்த வறண்ட ஆற்றில், அடியில்லாப் படகுகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ‘படகுப் போட்டி’ 1962 முதல் நடந்து வருகின்றது. 1993-ல் ஆற்றில் உண்மையாகவே நீர் வந்துவிட்டமையால் போட்டி நிறுத்தப்பட்டதாம்!

ஊருக்கு அண்மையில் பழைய தந்தி நிலையம் கற்கட்டடங்களாக நிற்கின்றது. சார்லஸ் டாட் என்பாரின் மேற்பார்வையில் தென்கோடிக்கும் வடகோடிக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தந்திக் கம்பி 1872-ஆம் ஆண்டு இணைக்கப்பெற்றது. அதற்கு 36,000 கம்பங்கள் நட்டனர். கம்பி டார்வினிலிருந்து கடலடியே ஜாவாவிற்கும், அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு வழியாக நம் சென்னைக்கும், பின்னர் பம்பாய் வழியாக லண்டனுக்கும் சென்றது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தட்டிய செய்தி சென்னைக் கரையில் ஏறி இறங்கியே உலகை அடைந்தது என்று அறிந்தபோது எங்களுக்குண்டான மகிழ்ச்சி பெரிது.

ஆனால், நீரற்ற அந்நிலத்தில் கம்பியையும் உணவையும் சுமந்து சென்றவர் யார்? குதிரையும் எருதும் தளர்ந்த இடத்தில் ஒட்டகங்கள் சென்றன. 1860-ல் இருபதுக்கு மேற்பட்ட ஒட்டகங்கள் இந்தியாவிலிருந்து அங்கே சென்றன. 1866 வாக்கில் தாமஸ் எல்டர் என்னும் செல்வர் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் முப்பது ஒட்டகக்காரர் அளவினரையும் போர்ட் அகஸ்டாவிற்கு வருவித்தார். அடுத்த அரை நூற்றாண்டில் 20,000 வரை ஒட்டகங்களும் 2,000-க்குக் குறையாத மனிதரும் வந்தனர் என்பர். ஆப்கானியர் என்று ஒரே பெயரால் அழைக்கப்பெற்றாலும், அவர்களுட் பலர் பலூசிஸ்தானம், சிந்து, பஞ்சாப், பெஷாவர் எனப் பழைய இந்தியாவின் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 1891-ல் இருப்புப்பாதை ஊட்னடட்டா வரையில் வந்து நின்றுவிட்டது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸை அடைய 1929 ஆயிற்று. இடைப்பட்ட 38 ஆண்டுகளும் ரயில் நின்ற இடத்திலிருந்து சரக்கைச் சுமந்தவை பெரும்பாலும் ஒட்டகங்களே. இருப்புப்பாதை இடுவோர்க்கு வேண்டிய பொருள்களையும் அவையே சுமந்தன. தம் தொழிலை முடிக்கப்போகும் பாதைக்கு அவர்கள் தாமே தோள்கொடுத்தனர்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு யாது? மாரீ என்னும் ஊரில் ரயில் பாதையின் ஒரு புறம் வெள்ளையரும், மறுபுறம் ஒட்டகக்காரரும் தொன்மக்களும் குடியிருந்தனர். 1901-ல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவில் பிறந்தோர்க்குக் குடியுரிமை கேட்கும் வழியையே அடைத்தது. பல்லாண்டு உழைத்தவர் பலர் வெறுங்கையராய்க் கப்பலேறினர். லாரிகள் வந்தபின், உரிமைச் சின்னமின்றித் திரியும் ஒட்டகங்களைக் கொல்ல 1925-ல் தென் ஆஸ்திரேலியாவில் சட்டம் பிறந்தது. வளர்த்த கையால் கொல்ல மனமின்றிப் பலர் அவற்றை அவிழ்த்துவிட்டனர். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பாலையில் காட்டு விலங்குகளாகத் திரிகின்றன.

அந்தப் பழைய ரயிலுக்கு ஆப்கான் என்பது குறுகி ‘கான்’ எனப் பெயர் நிலைத்தது. எப்போதோ வரும் வெள்ளத்தில் பாதை அடிக்கடி அரிக்கப்பட்டமையால், 1980-ல் வெகுதூரம் மேற்கே புதிய பாதை இட்டனர். 2004 முதல் அவ்வண்டி டார்வின் வரை 2,979 கிலோமீட்டர் ஓடுகின்றது. ஒட்டகமும் அதன்மேல் மனிதனுமே இன்றும் அதன் சின்னம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் அவ்வுருவச் சிலையின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். சிலைக்கு முகம் உண்டு. அம்மனிதர்களுட் பெரும்பாலோர்க்கு வரலாற்றில் பெயர் இல்லை.

காலம் மாறியிருக்கின்றது. நிறம் பார்த்துக் குடியேற்றும் முறை 1973-ல் ஒழிந்தது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் அந்நாட்டில் 95,000-க்கு மேற்பட்டோர். எங்கள் மைத்துனர் குடியுரிமை பெற்று, சொந்த வீட்டில் வாழ்கின்றார். அவருக்கு முன் வந்து, கதவடைக்கப்பெற்றவர்களின் வழியிலேதான் அவருடைய கேரவனும் ஓடுகின்றது.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று அடிலெய்டு திரும்பினோம். திரும்பும் வழியில் எங்கள் உள்ளம் நம் ரயில்வே குடியிருப்பையே சுற்றி வந்தது. எங்கள் பாட்டனார் அரக்கோணத்திலிருந்து ஃபிட்டர் வேலைக்காகக் கரக்பூர் வந்தவர். அவருடன் ஒரே வண்டியில் பதினாறு பேர் வந்தனர் என்று தந்தையார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்களுள் நால்வர் பெயரையே தந்தையார் நினைவில் வைத்திருந்தார். ஏனைய பன்னிருவர் எவ்வூரார், என்ன வேலை பார்த்தனர், அவர்தம் மக்கள் எங்கே என்பதைச் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இன்னும் ஓரிருவரே உள்ளனர். அவர்களும் எண்பதைக் கடந்தவர்கள்.

ஆகையால் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதித் தரவேண்டுகின்றோம்: முதலில் வந்தவர் பெயர், புறப்பட்ட ஊர், வந்த ஆண்டு, பார்த்த வேலை. உடன் வந்த பெண்மக்களின் பெயரையும் விடாமல் எழுதுக. எழுத இயலாத முதியோர் இல்லங்களுக்கு நாங்களே ஞாயிறு மாலையில் வந்து கேட்டு எழுதிக்கொள்கின்றோம். அடுத்த திங்கள் கூட்டத்திற்குள் தாள்கள் சேர்ந்துவிடுமாயின், அவற்றைத் தொகுத்துச் சங்கத்து நூலகத்தில் ஓரேடாக வைக்கலாம். முதல் தாளாக எங்கள் பாட்டனாருடையதைச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றோம்.